யாருக்குச் சொல்கிறோம்: ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. தேர்வுகளின் சொல்வளம், ஓர் ஒப்பாய்வு

கேரளத்து ஒற்றசேகரமங்கலத்தில் பஸ் ஏறி வெள்ளறடை வழியாகப் பனச்சமூடு போனாலும், பாறசாலை தாண்டிக் களியக்காவிளை போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லை அன்றோடு முடிவானது. பேச்சு மட்டும் இன்றுவரை இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறது. சந்தைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் எல்லை தாண்டும் இந்தப் பக்கத்து மனிதர்கள், எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தமிழா, மலையாளமா, இரண்டும் கலந்ததா என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இதை இங்கே யாரும் ஒரு திறமையாக எண்ணுவதில்லை. ஆங்கிலச் சொல்வளம் பற்றிப் பேசும்போது நான் முதலில் எண்ணுவது இதைத்தான்.

இந்த ஊர்களில் மேல்நிலை ஆங்கிலம் அவசரமாகத் தேவைப்படுவது நர்ஸுகளுக்கு. நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவமனை தொடங்கிய காலம் முதல், ஆஸ்பத்திரி வேலை இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குப் பழகிய வேலை. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்தவர், காரக்கோணத்து சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போன தலைமுறையிடம் யாரும் ஆங்கிலக் கட்டுரை கேட்கவில்லை. பிரிட்டனுக்குப் போக நினைக்கும் இன்றைய பெண்ணிடம் கேட்கிறார்கள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, என்.எம்.சி. என்ற பதிவுக் குழுமத்துக்கு ஆங்கிலத் தகுதியைக் காட்ட வேண்டும். பலகாலம் அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வே வழக்கமான வழி. 2017 நவம்பர் முதல் ஓ.இ.டி. தேர்வையும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து நெய்யாற்றின்கரையிலும் மார்த்தாண்டத்திலும் ஒரே பயிற்சி மையத்துப் பலகையில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இரண்டும் ஒரே வேலைக்கான சீட்டு என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறார்கள். எது எளிது, எது சீக்கிரம் கிடைக்கும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் ‘மேல்நிலைச் சொல்வளம்’ என்றால் என்ன என்பதற்கு இவை தரும் விடைகள் வெவ்வேறு. எந்தத் தேர்வுக்குப் படித்தோமோ அந்த விடைதான் மனதில் படிந்து, பிறகு பல வருடம் நம்மோடு வரும்.

ஐ.இ.எல்.டி.எஸ். 1989-இல் வந்தது. கல்லூரியில் சேரப்போகிறவர், வேலைக்குப் போகிறவர், குடியேறப்போகிறவர் எல்லாருக்கும் பொதுவானது. நர்ஸுகள் எழுதும் அகாடமிக் வகையின் எழுத்துத் தாளில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வேலை: குறைந்தது 150 சொல்லில் ஒரு வரைபட விளக்கம், குறைந்தது 250 சொல்லில் ஒரு வாதக் கட்டுரை. மதிப்பீட்டின் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளத்துக்கு. கால்பங்கு மதிப்பெண் அதற்கே. உயர்ந்த படிநிலைகளில், அதிகம் புழங்காத சொற்களை இடமறிந்து, இணைச்சொல் அறிந்து கையாளும் திறனை எதிர்பார்க்கிறார்கள். விதியில் தவறில்லை. அதை நம் பயிற்சி மையங்கள் படித்த விதத்தில்தான் கோளாறு. ‘இடமறிந்து’ என்பது வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. ‘அதிகம் புழங்காத’ என்பது மட்டும் மிஞ்சியது.

அதன் விளைவைப் பிள்ளைகளின் நோட்டில் பார்க்கலாம். இடப்பக்கம் ‘மெனி’, வலப்பக்கம் ‘ப்ளெத்தோரா’, ‘மிரியட்’. இடப்பக்கம் ‘பேட்’, வலப்பக்கம் ‘டெட்ரிமென்டல்’. கட்டுரை எந்தத் தலைப்பில் வந்தாலும் இந்த வலப்பக்கத்துச் சொற்களைப் பொருத்திவிடச் சொல்லித் தருகிறார்கள். மிகுதி, தேவைக்கு மேல் குவிந்தது என்ற சாயல் ‘ப்ளெத்தோரா’வுக்கு உண்டு, ஒரு வார்டில் நிறைய நர்ஸுகள் இருக்கிறார்கள் என்று சொல்ல அதைப் போட்டால், ஆள் அதிகம் என்று குறைசொல்வதாகவே தொனிக்கும். அந்தச் சாயலைப் பட்டியல் தராது. பிள்ளை சொல்லைப் படித்துவிட்டது. சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதைப் படிக்கவில்லை. தேர்வாளரும் ஏமாறுவதில்லை. இரண்டு மூன்று முறை எழுதியும் எழுத்துத் தாளில் மட்டும் என்.எம்.சி. கேட்ட 7 எட்டாமல் திரும்பியவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. 2018 கடைசியில் என்.எம்.சி. எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று இறங்கிவந்தது.

ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே ஆஸ்திரேலியாவில் 1980-களின் பிற்பகுதியில் உருவாகி, அங்கிருந்து பரவியது. நர்ஸ், டாக்டர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் என 12 தொழில்களுக்குத் தனித்தனிப் பேச்சுத் தேர்வும் எழுத்துத் தேர்வும் உண்டு. நர்ஸ் எழுத வேண்டியது ஒரே ஒரு கடிதம். நோயாளியின் குறிப்புத்தாளைக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் படிக்க, நாற்பது நிமிடம் எழுத. 180 முதல் 200 சொல். மதிப்பீட்டில் ஆறு அளவுகோல்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், வகையும் நடையும், அமைப்பு, மொழி. சொல்வளத்துக்கென்று தனி வரி இல்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர், இங்கே சொல்வளம் முக்கியமில்லை என்று எண்ணக்கூடும். ஆறு அளவுகோலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் சொல் தேர்வு எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது தெரியும்.

ஒரு கடிதத்தை எடுத்துப் பார்ப்போம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்த ஒரு வயதான பெண்மணி வீடு திரும்புகிறார். கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் சமூக நர்ஸுக்குக் கடிதம். குறிப்புத்தாளில் அவருடைய பத்து வயது டான்சில் அறுவை முதல் நேற்றைய ரத்த அழுத்தம் வரை எல்லாம் இருக்கும். டான்சில் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. எழுதினால் மதிப்பெண் குறையும். தையல் எப்போது பிரிக்க வேண்டும், நடக்க என்ன துணை வேண்டும், குளிக்க யார் உதவுவார்கள் என்பதே வேண்டியது. ‘ஷி இஸ் மொபிலைசிங் வித் அ ஃப்ரேம் அண்ட் ரிக்வயர்ஸ் அசிஸ்டன்ஸ் வித் ஷவரிங்’ என்று எழுதுகிற பெண், அரிய சொல் எதையும் போடவில்லை. ஆனால் ‘மொபிலைஸ்’ என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் தனிப்பொருள், ‘ரிக்வயர்ஸ்’ பின்னால் ‘அசிஸ்டன்ஸ்’ வரும், அதன்பின் ‘வித்’ வரும் என்ற சேர்க்கை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதே கடிதம் நோயாளியின் மகளுக்குப் போவதாக இருந்தால் ‘மொபிலைசிங்’ போய் ‘வாக்கிங்’ வர வேண்டும். டாக்டருக்கு எழுதும்போது ‘மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’, சமூக சேவகருக்கு எழுதும்போது ‘ஹார்ட் அட்டாக்’. எங்கே இறங்கிவர வேண்டும் என்று தெரிவதும் மேல்நிலைச் சொல்வளத்தில் அடக்கம் என்று இந்தத் தேர்வு சொல்கிறது. இந்த விடையை நான் ஏற்கிறேன்.

கேட்டல் தாளின் முதல் பகுதி இன்னும் ஒரு படி போகிறது. நோயாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டே குறிப்பின் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். இரண்டு உரையாடல், மொத்தம் 24 இடம். நோயாளி பாடப்புத்தக ஆங்கிலம் பேசுவதில்லை. ‘ஐ ஃபெல்ட் எ பிட் ரன் டவுன்’, ‘ஐ வாஸ் ஆஃப் மை ஃபுட்’, ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ் இன் மை ஃபீட்’ என்றுதான் வரும். உடல் சோர்ந்திருந்தது, சாப்பாடு பிடிக்கவில்லை, பாதம் மரத்து ஊசி குத்துவதுபோல் இருந்தது. ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்தார், ‘பாஸ்ட் அவே’ என்றால் இறந்துபோனார். இரண்டுக்கும் நடுவே வேற்றுமை ஒரே ஒரு சின்னச் சொல். ‘ப்ளெத்தோரா’ தெரிந்த பெண்ணுக்கு ‘த்ரோ அப்’ வாந்தி என்று தெரியாமல் போகும் நிலையை நம் பயிற்சி முறை வருடாவருடம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. சின்னச் சின்னச் சொற்கள் சேர்ந்த இந்தத் தொடர்களை எளிய ஆங்கிலம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு உண்மையில் கடினம் அவைதான்.

எல்லை ஊர்க்காரிக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு கிழவி வந்து, “மக்களே, தலை ஒரே கறக்கமா இருக்கு” என்பார். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருபவர் கிறுகிறுப்பு என்பார், மலையாளக்காரர் தலகறக்கம் என்பார், சிலர் தலைசுற்றல் என்பார்கள். நல்ல நர்ஸ் அத்தோடு எழுதிவிட மாட்டாள். “வீடே சுத்துற மாதிரியா அம்மச்சி, இல்ல எழும்பும்போ கண்ணு இருட்டுதா?” என்று கேட்பாள். வீடு சுற்றினால் அது ‘வெர்டிகோ’. காதுக்குள் கோளாறா என்று பார்க்க வேண்டும். எழும்பும்போது இருட்டினால் ‘லைட்ஹெடட் ஆன் ஸ்டாண்டிங்’. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். நோயாளியின் சொல்லைக் காதில் வாங்கி, கேள்வியால் பிரித்து, குறிப்பேட்டுக்குரிய சொல்லாக மாற்றி, பிறகு அம்மச்சிக்கே புரியும்படி திரும்பச் சொல்வது: இந்த வேலையை அவள் தினமும் இரண்டு மொழியில் செய்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று தெரியாதவள் இந்த வார்டில் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. ஓ.இ.டி. கேட்பது இதே வேலையை மூன்றாவது மொழியில். ஆனால் பயிற்சி மையத்தில் சேர்ந்ததும், தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வா, ஆங்கிலத்திலேயே நினை என்கிறார்கள். இருக்கிற திறமையை எடுத்துப் பயன்படுத்தச் சொல்லும் ஆசிரியர் அரிது.

கூடவே ஓர் எச்சரிக்கை. நம் ஆஸ்பத்திரிகளுக்கென்று ஓர் ஆங்கிலம் இருக்கிறது. நோயாளியோடு துணைக்கு இருப்பவரைக் கேரளத்தில் ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் ‘அட்டெண்டர்’ என்பார்கள். பிரிட்டனில் ‘பைஸ்டாண்டர்’ என்றால் தெருவில் விபத்து நடக்கும்போது பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர். ‘லூஸ் மோஷன்’, ‘கிடினஸ்’, ‘எக்ஸ்பயர்ட்’ எல்லாம் இங்கே நாள் முழுக்கப் புழங்கும். அங்கே ‘டயரியா’, ‘டிஸினஸ்’, ‘டைட்’. இங்குள்ள சொற்களைத் தவறு என்று திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. காரக்கோணத்து வார்டில் அவைதான் சரி. கேட்பவர் மாறும்போது சொல்லும் மாற வேண்டும் என்று சொல்லித் தந்தால் பெண்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். உன் ஆங்கிலம் தப்பு என்று சொன்னால் வாய் மூடிக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஐ.இ.எல்.டி.எஸ். பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், அது சிறியதல்ல. சொல்வளத்தில் ஆழத்தோடு அகலமும் வேண்டும். வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள். இந்தியப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதை நேரில் கண்டு, எந்தச் சொல்லை முதலில் தருவது என்ற கேள்வியோடு வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அவர். 2000-இல் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் அதற்கு மேல் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். எந்தப் பாடத்தின் கல்விநூலை எடுத்தாலும் பத்தில் ஒரு சொல் ஏறக்குறைய இந்த 570-க்குள் வந்துவிடும். ‘அஸ்யூம்’, ‘எவிடன்ஸ்’, ‘இம்ப்ளை’, ‘கன்சிஸ்டென்ட்’ போன்ற சொற்கள் அவை. நாவலையும் செய்தித்தாளையும் துணையில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஓ.இ.டி.க்கு மட்டும் படித்தவளுக்கு இந்த அகலம் கிடைக்காது.

அது எங்கே உறைக்கும்? பிரிட்டனில் வார்டுக்கு வெளியே. வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம், நகராட்சி வரி நோட்டீஸ். வார்டுக்குள்ளேயும் ஒரு நாள் வரும்: ஒரு மருந்து பிழையாகப் போய்விட்டது, விசாரணைக் கூட்டம், உன் தரப்பை எழுத்தில் கொடு என்கிறார்கள். நடந்தது என்ன, யார் சொன்னது, எது அனுமானம், எது சான்று என்று பிரித்து எழுத வேண்டும். அங்கே நோயாளிக் கடித நடை உதவாது. வாதம் எழுதப் பழகியவள் தப்பிப்பாள். ஐ.இ.எல்.டி.எஸ். வாதக் கட்டுரையை மனப்பாட அச்சில் வார்க்காமல் உண்மையாக எழுதிப் பழகினால், கிடைப்பது அந்தத் திறமை. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், தனக்காகத் தானே வாதாட வேண்டிய பெண்ணுக்கு இது ஆடம்பரமில்லை.

இரண்டையும் இணைக்கும் ஒரு வழி நர்ஸிங் பாடத்திலேயே கிடக்கிறது. உடற்கூறு வகுப்பில் கிரேக்க, லத்தீன் வேர்களை இவர்கள் நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ‘பாத்தாலஜி’யில் வரும் ‘பாத்’ துன்பம், உணர்வு என்ற பொருளுள்ள வேர். அதைப் பிடித்தால் ‘சிம்பதி’, ‘எம்பதி’, ‘அபதி’, ‘ஆன்டிபதி’ நான்கும் சேர்ந்து வரும். ‘க்ரானிக்’ என்பதில் காலம் இருக்கிறது. ‘க்ரானிக்கிள்’, ‘சிங்க்ரனைஸ்’, ‘அனக்ரனிசம்’ அதன் கிளைகள். ‘மால்நியூட்ரிஷன்’ தெரிந்தவளுக்கு ‘மாலெவலென்ட்’ புதிதாக வராது. நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ 1949 முதல் செய்துவருவது இதைத்தான். அந்தப் புத்தகத்தை வாங்கி முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள் நம்மில் ஏராளம். நர்ஸுக்கு அந்த வேர்கள் ஏற்கெனவே சதையும் எலும்புமாகத் தெரியும். பயிற்சி மையத்தில் யாரும் அவளிடம் இதைச் சொல்வதில்லை. நர்ஸிங் கல்லூரியிலும் ஆங்கில வகுப்பு ஒரு பக்கம், உடற்கூறு வகுப்பு ஒரு பக்கம் என்றே ஓடுகிறது.

செலவையும் பார்க்க வேண்டும். ஓ.இ.டி.யின் கட்டணம் ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணத்தைவிட அதிகம். ரப்பர் பால் விலையை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய தொகை. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நடத்தும் மொழிப் பயிற்சி நிறுவனத்தில் இரண்டுக்கும் வகுப்பு உண்டு. தமிழகத்தில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆளெடுப்போடு பயிற்சியையும் கவனிக்கிறது. எல்லை ஊர்ப் பெண்கள் தனியாரிடம் பணம் கட்டுவதற்கு முன் இவற்றை விசாரிப்பது நல்லது.

எதை எடுப்பது என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் சொல்வது இது. நர்ஸாக இரண்டு மூன்று வருடம் வார்டில் நின்றவள் ஓ.இ.டி. எழுதட்டும். என்.எம்.சி.க்கு மூன்று தாளில் பி, அதாவது 350. எழுத்தில் சி பிளஸ், 300, 2021 முதல் போதும். தயாராகும்போது சொல்லுக்கு எதிரே பொருள் எழுதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தொடங்கட்டும்: ஒரு பக்கத்தில் ஒரே ஒரு தொந்தரவு. மேலே நம் ஊர் நோயாளி தமிழிலும் மலையாளத்திலும் அதை எப்படிச் சொல்வார். அதற்குக் கீழே ஆங்கில நோயாளி எப்படிச் சொல்வார். குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும். வீட்டாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல், வீக்கம், எரிச்சல், ஓக்காளம் என்று ஐம்பது பக்கம் நிரம்பினால் அந்தப் பெண்ணிடம் சில நூறு சொல் இருக்கும். ஒவ்வொன்றும் யாரிடம் எடுபடும் என்றும் தெரிந்திருக்கும். தேர்வு முடிந்து வேலை ஆணை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அந்த மாதங்களில் வாதக் கட்டுரையும் செய்தித்தாள் வாசிப்பும் தொடங்கட்டும், ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தாள்கள் அதற்கு நல்ல பயிற்சிநூல், தேர்வுக் கட்டணம் கட்டாமலே படிக்கலாம்.

நர்ஸிங் படிக்காத பிள்ளைகள் என்ன செய்வது என்பது இன்னும் பெரிய கேள்வி. ஒற்றசேகரமங்கலத்தில் பிளஸ் டூ முடித்து வணிகவியலோ கணினியோ படிக்கும் பையன் ஓ.இ.டி. எழுத முடியாது. அவனுக்கு எழுதக் கிடைப்பதெல்லாம் முகமில்லாத வாசகருக்கான பொதுக்கட்டுரை. ஆசிரியர் நினைத்தால் அந்த முகத்தைக் கொடுத்துவிடலாம். ஒரே செய்தியை, தெருவில் பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை என்பதையே எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்துச் செயலாளருக்கு ஒரு கடிதம், ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம், வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு ஒரு கடிதம் என்று மூன்றாக எழுதச் சொல்லட்டும். மூன்றிலும் எந்தச் சொல் மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று வகுப்பில் பேசட்டும். கேரளத்துக் கிராமங்களில் பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் வாசகசாலைகள் இன்றும் திறந்திருக்கின்றன; எல்லைக்கு அந்தப் பக்கம் கிளை நூலகங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஓர் ஆங்கிலப் பத்திரிகை, பத்துப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும், இதைத் தொடங்கிவிடலாம்.